மாதிரிக்கு ஒரு பெயர்

துடியலூர் வீட்டில் தனியாக உட்கார்ந்து, இணையதளங்களுக்கான அரட்டைப் பெட்டி ஒன்றைக் கீதா உருவாக்கியிருந்தாள். அதை எத்தனை பக்கங்களில் வேண்டுமானாலும் பொருத்தலாம். ஓரிடத்தில் மாற்றினால் எல்லாவற்றிலும் மாறிவிடும். மாதிரிக்கு, அதில் பேசுபவர் பெயராக, போன வருடம் இறந்துபோன கணவர் தனபாலின் பெயரைப் போட்டிருந்தாள்.

அலுவலகத்திலிருந்து மிதுன் அழைத்தான். "அக்கா, அண்ணன் பேரு அப்படியே கெடக்குதுங்க. நாளைக்குக் கஸ்டமர் பார்ப்பாங்க. நான் எடுத்துப்போடட்டுங்களா?"

"வேண்டாங் கண்ணு. நானே எடுக்கறேன்."

அழித்தாள். எல்லாப் பக்கங்களிலும் பெயர் போய்விட்டது, ஒன்றைத் தவிர. மறுபடி அழித்தாள். போகவில்லை. பெட்டியை இன்னும் இணையத்தோடு இணைத்திருக்கவில்லை; மறுமுனையில் யாரும் இருக்க வழியில்லை. பெயருக்குக் கீழே, 'தட்டச்சு செய்கிறார்' என்று வந்தது.

மிதுனிடம், "எடுத்துட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

தனபால் ஒற்றை விரலால்தான் அடிப்பார். நேரமாகும். கீதா காத்திருந்தாள்.