நூற்றுக்கு நூறு

"அந்தக் கலவை மிஷினை இன்னும் கொஞ்சம் முன்னால தள்ளுங்கப்பா! மேடம் உள்ள நுழைஞ்சதும் முதல்ல அதுதான் கண்ணுல படணும்!"

கத்திக் கத்திக் கான்ட்ராக்டருக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஏழைகளுக்கு அரசாங்கம் கட்டித் தரும் சின்ன வீடுகளில் ஒரு வரிசை அவர் பொறுப்பு. இத்தனை நாளும் மண்வெட்டியால்தான் கலவை போட்டார்கள். ஆள் வராத நாளெல்லாம் அவர் மனைவியே போட்டாள். அவள் உள்ளங்கையில் கொப்புளம் ஆறிய நாளே கிடையாது. இந்த லட்சணத்தில், 'தொழில்நுட்பத் திறன் மதிப்பீடு' செய்யத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு மேடம் வருகிறாராம்.

அது என்ன கண்றாவி என்று அவருக்குத் தெரியவில்லை. பக்கத்துத் தெருவில் இதே மாதிரி வீடுகள் கட்டும் மச்சானிடம், அதாவது மனைவியின் அண்ணனிடம், ஓடினார்.

"இதுகூடத் தெரியாதா மாப்ள? மிஷின் வச்சிருக்கோமான்னு பார்ப்பாங்க. இல்லேன்னா வேலையைப் புடுங்கி வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க" என்றார் மச்சான். மாப்பிள்ளையின் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, "அட, நான் எதுக்கு இருக்கேன்? என் மிஷினை எல்லாம் எடுத்துட்டுப் போங்க. அவங்க வந்துட்டுப் போனதும் திருப்பிக் குடுத்தாப் போதும்" என்றார்.

கல்யாணத்துக்குப் பிறகு தங்கை வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்காத மனிதர்!

"எங்கண்ணனை எப்பப் பாரு கரிச்சுக் கொட்டுவீங்களே, இப்ப என்ன சொல்றீங்க?" என்றாள் மனைவி, பழைய துணியால் மிஷினைத் துடைத்தபடி.

"தெய்வம்டி உங்கண்ணன்!" மனதாரத்தான் சொன்னார்.

மேடம் வந்தார். மிஷின்களை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"எல்லாம் சொந்தமா, வாடகையா?"

"சொந்தம்தான் மேடம். பெத்த பிள்ளைங்க மாதிரி."

"அப்போ ஓட்டிக் காட்டுங்க."

கான்ட்ராக்டர் கொத்தனாரைப் பார்த்தார். கொத்தனார் வானத்தைப் பார்த்தார். எதைத் தொட்டால் எது சுற்றும் என்று இருவருக்கும் தெரியாது. வேலை போச்சு என்றே கான்ட்ராக்டர் முடிவு கட்டிவிட்டார்.

"தள்ளுங்க" என்று மனைவி முன்னால் வந்தாள். கல்யாணத்துக்கு முன்பு அண்ணனோடு வேலைக்குப் போனவள். கைப்பிடியை மாட்டி வேகமாகச் சுற்றினாள்; கலவை மிஷின் உறுமிக்கொண்டு கிளம்பியது. அதோடு விட்டாளா? சிமென்ட் கல் செய்யும் மிஷினில் கலவையைக் கொட்டி, ஓரம் உடையாமல் ஒரு கல்லை அச்சிலிருந்து இறக்கியும் காட்டினாள்.

"பிரமாதம்! மிஷினும் இருக்கு, ஓட்டவும் தெரியுது. நூத்துக்கு நூறு!" என்றார் மேடம்.

கான்ட்ராக்டருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "அப்போ எங்க வேலைக்கு ஒண்ணும் ஆபத்து இல்லையே மேடம்?"

"வேலைக்கு என்ன ஆபத்து? மிஷின் இல்லாம கையாலயே கஷ்டப்படறவங்க யாருன்னு பார்த்து, புது மிஷின் இலவசமாக் குடுக்கத்தான் இந்த ஆய்வே. இந்தப் பகுதிக்கு ஒரே ஒரு செட்டுதான் வந்திருக்கு. உங்களுக்கு எதுக்கு அது? நீங்கதான் ராஜா மாதிரி இருக்கீங்களே!"

மனைவியின் முகம் வெளுத்துவிட்டது. "அப்போ... அது யாருக்கு மேடம்?"

"காலைல பக்கத்துத் தெருவுல ஒருத்தரைப் பார்த்தேன்மா. பாவம், மண்வெட்டியைத் தவிர ஒண்ணும் இல்லை, இடமே காலியாக் கிடக்கு. அவருக்குத்தான்னு இங்க வந்ததும் முடிவு பண்ணிட்டேன். ஆனா, என்ன தங்கமான மனசு! தனக்கு ஒண்ணும் இல்லாட்டியும் துளிப் பொறாமை இல்லை. 'என் தங்கச்சி வீட்டுக்காரர்கிட்ட எல்லா மிஷினும் இருக்கு, அவசியம் போய்ப் பாருங்க'ன்னு அவர்தான் எனக்கு வழியே சொல்லி அனுப்பினாரு!"