சிவப்பா, பச்சையா?

தட்டு சுவரில் மோதி விழுந்தது. பாதி சிவப்பும் பாதி பச்சையுமாக மிளகாய்க் குழம்பு வழிந்து தரைக்கு வந்தது. செலெஸ்டினோ நன்றாக இருந்த ஒரே கையையும் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு, மறுபடி அதையே சொன்னார்.

“கிறிஸ்துமஸ்.”

“இதுதானேப்பா கிறிஸ்துமஸ்? பாதி சிவப்பு, பாதி பச்சை. இன்னும் என்னதான் வேணும் உங்களுக்கு?” மகன் ரூபன் பல்லைக் கடித்தான்.

பக்கவாதம் வந்து வாய் கோணிய பிறகு கிழவருக்கு மிஞ்சியது அந்த ஒரு சொல்தான். நியூ மெக்சிகோவில் பிறந்த எவனுக்கும் அதற்கு விளக்கம் தேவையில்லை. “சிவப்பா, பச்சையா?” என்று கடையில் கேட்டால், இரண்டு குழம்பும் வேண்டும் என்பவன் சொல்கிற பதில் அது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து மூன்று நாளாகிறது. கிழவர் தண்ணீரைத் தவிர எதையும் வாயில் வைக்கவில்லை. “விழுங்க முடியுது. வீம்புதான். நாளைக் காலைக்குள்ள சாப்பிடலைன்னா மூக்குல குழாய் போட வேண்டியதுதான்” என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

ரூபன் கார் சாவியை எடுத்தான். டென்வரில் இருந்து ஆறு வருடம் கழித்து வந்தவனுக்கு, வந்த நாள் முதல் ரொட்டியில் சுருட்டித் தரும் புரிட்டோவைத் தேடுவதே பிழைப்பாகிவிட்டது. பெட்ரோல் பங்க் ஜன்னல், தேவாலயத்து முனை வண்டிக்கடை என்று அப்பாவின் ஊரான லாஸ் லூனாஸில் ஒரு கடை பாக்கியில்லை. போன இடத்திலெல்லாம் சண்டை வேறு.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டு பெனிட்டோ கையை ஆட்டினார். அப்பா விழுந்தபோது ஆம்புலன்சுக்குப் போன் செய்தவர் அவர்தான்.

“தம்பி, ஒரு நிமிஷம். உங்கப்பாவோட…”

“யாரும் பாக்க வர வேணாம்னு முந்தாநாளே சொல்லிட்டேன். ஆள விடுங்க.”

“பாக்க வரலப்பா, ஒரு விஷயம்…”

ரூபன் கதவை அறைந்து சாத்திக்கொண்டு கிளம்பினான். நன்றி என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அவனுக்கு அது தோன்றவில்லை.

ரயில்பாதைக்குப் பின்னால் பெர்னிஸ் என்ற அம்மாள் தன் வீட்டு முன்னறையில் நான்கு மேஜை போட்டுக் கடை நடத்தினாள். ரூபன் உள்ளே நுழையும்போதே சண்டைக்குத் தயாராக இருந்தான்.

“ஒரு முட்டை புரிட்டோ. கிறிஸ்துமஸ். குழம்புல மாவைக் கரைச்சு ஏமாத்தினா திருப்பிக் கொண்டுவந்துருவேன்.”

“காலங்காத்தால என்ன தம்பி இவ்வளவு சூடு? யாருக்கு?”

“எங்கப்பாவுக்கு. செலெஸ்டினோ.”

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். “அவரா? எப்படி இருக்காரு? தினம் ஏழு மணிக்கு வந்து ரெண்டு கட்டிக்கிட்டுப் போவாரே. ஒண்ணு பச்சை. இன்னொண்ணு வெறும் முட்டையும் உருளைக்கிழங்கும். அதுல மிளகாய் வாடையே கூடாதும்பாரு.”

“மிளகாய் இல்லாமலா? எங்கப்பாவா?” ரூபன் சிரித்தான். அந்த ஊரில் மிளகாய் இல்லாமல் சாப்பிடுகிறவன் ஒன்று கைக்குழந்தை, இல்லை வெளியூர்க்காரன். “வேற யாரையோ சொல்றீங்க.”

“ரெண்டையும் கலந்து அவர் ஒருநாளும் கேட்டதில்லையே தம்பி.”

“எங்கப்பா நாக்கு எனக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சா சரி. அப்புறம் ஏன் ஊரெல்லாம் சுத்துற?” என்று சொல்லிவிட்டு, அவன் கேட்டபடியே கட்டிக்கொடுத்தாள்.

காரில் உட்கார்ந்து ஓரத்தைப் பிய்த்து வாயில் போட்டான் ரூபன். சுட்ட மிளகாயின் புகை மணம் மூக்கில் ஏறியது. ரொட்டியின் ஓரம் மொறுமொறுவென்று இருந்தது. மூன்று நாளில் முதல் முறையாக அவன் கோபம் இறங்கியது. இதுதான், இதையேதான் அப்பா கேட்டிருக்கிறார் என்று காரை விரட்டினான்.

பொட்டலத்தின் வாசனை பட்டதும் கிழவர் கண்ணைத் திறந்தார். மகனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்குப் பின்னால் வாசலையே ஆவலாகப் பார்த்தார். அங்கே ஒருவரும் இல்லை என்று தெரிந்ததும் முகம் சுருங்கியது.

ரூபன் ஒரு வாய் ஊட்டப் போனான். கிழவர் அவன் கையைத் தட்டிவிட்டார். ஊரிலேயே நல்ல புரிட்டோ போர்வையில் சிதறியது.

“கிறிஸ்துமஸ்” என்றார். இந்த முறை குரல் உடைந்திருந்தது.

ரூபனுக்கு வெறி பிடித்தது. பொட்டலத்தைத் தரையில் அடித்தான். “கிறிஸ்துமஸ், கிறிஸ்துமஸ், கிறிஸ்துமஸ். என்னைப் பழிவாங்கத்தானே இதெல்லாம்? நான் வரலைங்கிற கோபத்துல செத்துத் தொலையப் பாக்குறீங்க. வந்துதானே நிக்கிறேன்? உங்களுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியாம என்ன?”

கிழவரின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அதே சொல்லைத்தான் திரும்பச் சொன்னார்.

சத்தம் கேட்டு பெனிட்டோ ஜன்னல் பக்கம் வந்து நின்றார். திட்டு வாங்கப் பயந்து, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“கிறிஸ்துமஸ் மூணு நாளா மோப்பம் புடிச்சுக்கிட்டு எங்க வேலியப் பிராண்டிக்கிட்டே கெடக்கு தம்பி, கயித்த அவுத்து விடட்டுமா?”