பத்துப் பேருக்கும் ஆமை

சிரித்துவிடக் கூடாது, இவர் எதிரில் மட்டும் சிரித்துவிடக் கூடாது என்று ரேணுகா டீச்சர் நினைத்துக்கொண்டாள்.

"இன்னா டீச்சர் இது? மாநில விலங்கு எதுன்னு கேட்டா, ஏழாவதுல பத்துப் பேர் ஆமைன்னு எழுதிக்கீறாங்க," என்றார் தலைமையாசிரியர் பூவராகவன். "வரையாடு எங்க போச்சு?"

"கடலோரப் பிள்ளைங்க சார். அவங்க பார்த்தது ஆமையைத்தான்."

"பத்துப் பேருமா? காப்பி அடிச்சிருக்காங்க. மேற்பார்வைக்கு வந்த வெளி ஸ்கூல் வாத்தியார் பேஜாராயிட்டாரு. ஒரு குரல் கேக்கல, ஒரு துண்டுச்சீட்டு இல்லையாம். விசாரிச்சேன். சொல்லிக் குடுத்தது முதல் பெஞ்சு சுவேதா."

ரேணுகா ஜன்னல் வழியே பார்த்தாள். வராந்தாவில் நிறுத்தப்பட்டிருந்த சுவேதா, ஒரு கைமேல் இன்னொரு கையைக் கவிழ்த்து, இரண்டு கட்டைவிரல்களையும் துடுப்புபோல அசைத்தாள். ஆமை. அவளோடு நின்ற மற்ற ஒன்பது பேரும் அதையே செய்து காட்டிச் சிரித்தார்கள்.

சுவேதாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. மூன்று வருடத்துக்கு முன், 'இவளை வேறு பள்ளியில் சேருங்கள்' என்று அவள் அம்மாவிடம் சொன்னதே ரேணுகாதான். அந்தச் சொல் உறுத்திக்கொண்டே இருந்தது. சனிக்கிழமைதோறும் செங்கல்பட்டுக்கு பஸ் ஏறி சைகை மொழி கற்றாள். கல்வி அலுவலகத்துக்கு எட்டு மனு போட்டு, வகுப்பு முழுவதற்கும் அதைக் கற்றுத்தர அனுமதி வாங்கினாள். அப்போது சுவேதா கடைசி பெஞ்சில் தனியாக இருந்தாள். இன்றுதான் அவள்மேல் முதல் புகார்.

"மார்க்கைக் கழிச்சிடுங்க சார். அடுத்த பரீட்சைக்குத் தள்ளித் தள்ளி உட்கார வைக்கிறேன்."

"அதெல்லாம் வேணாம். அந்தக் கைப்பாடத்தை நிறுத்திடுங்க, போதும்."

"அது மட்டும் முடியாது சார்," என்றாள் ரேணுகா, மெதுவாக.