செவ்வாயில் தீர்ந்த கரி

கரி தீர்ந்துபோய், நூற்றெழுபது பிரயாணிகளோடு ரயில் நடுவழியில் நின்று நாலு மாதம் ஆகிவிட்டது. விழுப்புரம் ஜங்ஷனில் அதைப் பற்றிக் கவலைப்படாத ஆளே கிடையாது. ஒன்றிரண்டு பேர் மொட்டை போடுவதாக நேர்ந்துகொண்டும் இருந்தார்கள்.

ரயில் நின்ற இடம் செவ்வாய்க் கிரகம். 'கிரகமணி' என்ற புனைபெயரில் யாரோ மாதம் ஒரு பாகமாக எழுதிவந்த 'செவ்வாய்க்குப் போன ரயில்' என்ற நாவலில், விழுப்புரத்தில் பாதை மாறிய வண்டி நேரே ஆகாயத்தில் ஏறிவிடுகிறது. பதினோரு பாகம் வந்தது. முடிவு சொல்லவேண்டிய பன்னிரண்டாவது பாகத்தைக் காணோம். 1943ஆம் வருஷம், யுத்தக் காகிதப் பஞ்சம்தான் காரணம் என்று ஊர் தன்னைத்தானே தேற்றிக்கொண்டது.

அந்தச் சமயம் பார்த்து வாசகசாலைக் காரியதரிசி மாரியப்பன், அங்கத்தினர்களுக்கு மிகவும் பிடித்த விநோத நாவல் எது என்று ஓட்டெடுத்தார். பறக்கும் கட்டில், பாதாள ராணி, மாயக் குல்லாய் எல்லாம் டெபாசிட் இழந்தன. ரயிலுக்கு நாற்பத்தொரு ஓட்டு.

ஓட்டு முடிவை அறிவிக்கத் திண்டிவனத்திலிருந்து கோதண்டபாணி, பி.ஏ. வரவழைக்கப்பட்டார். ஜரிகை அங்கவஸ்திரமும் நாலைந்து அபிப்பிராயங்களும் இல்லாமல் அவர் வீட்டைவிட்டுக் கிளம்புவதில்லை.

"இதற்கா முதலிடம்? சுத்தத் திருட்டு!" என்று மேஜையைத் தட்டினார். "இதன் ஆங்கில மூலத்தைக் காலேஜ் நாளிலேயே படித்தவன் நான். பட்டியலிலிருந்து எடுங்கள். அலமாரியிலிருந்தும் எடுங்கள்!"

ஜன்னலுக்கு வெளியே வேர்க்கடலை அளந்துகொண்டிருந்த இருதயமேரியின் கைகூட ஒரு கணம் நின்றுவிட்டது.

"மூலத்துலயும் செவ்வாய்க்காரங்க கேப்பைக் கூழுதான் குடிக்கிறாங்களா சார்?" என்று கேட்டார் ரயில் எஞ்சினில் கரி அள்ளிப் போடும் பயர்மேன் அருள்நாதன்.

"ஓட்ஸ் கஞ்சி. இந்தக் கிரகமணி கூழாக்கிவிட்டான்."

"விக்கிரவாண்டி கேட்டுல ஆடு குறுக்க பூந்துடுதே?"

"மூலத்தில் அது குதிரை ஐயா, குதிரை!"

இருதயமேரி ஜன்னல் வழியாகக் கோதண்டபாணியிடம் ஒரு பொட்டலத்தை நீட்டினாள். கிழிந்த புத்தகங்களை மாரியப்பன் அவளுக்குக் கொடுப்பது வழக்கம். கிழித்து மடிப்பதற்கு முன் அவள் ஒரு வரி விடாமல் படித்துவிடுவதால் வியாபாரம் எப்போதும் மந்தம். இப்போது அந்தக் கிழிசலுக்கும் பஞ்சம் போலும். எழுதி எழுதி அடித்த கையெழுத்துத் தாள் ஒன்றில் கட்டியிருந்தாள். எந்த மக்குப் பிள்ளையின் வீட்டுப் பாடமோ என்று கோதண்டபாணி தாளைப் பார்த்து முகம் சுளித்தார். கடலையைப் பார்த்துச் சுளிக்கவில்லை.

"சரி சார், பொஸ்தகத்தைத் தூக்கிப் போட்டுர்லாம்," என்றார் அருள்நாதன். "ஆனா நாலு மாசமா நாங்க தூங்காம பேஜாராப் பூட்டோம். மூலம் படிச்சவரு நீங்க. டிரைவர் பெரியதம்பி எப்படித் திரும்பி வந்தாரு? அத்த மட்டும் சொல்லிடுங்க."

நாற்பத்தொரு ஓட்டும் ஒரே நேரத்தில் அவரைப் பார்த்தன.

கோதண்டபாணிக்கு வியர்த்தது. தெரியாது என்று சொன்னால் பெயருக்குப் பின்னாலுள்ள இரண்டு எழுத்தும் உதிர்ந்துவிடும். ஒரு கடலையை உரித்தார். இன்னொன்றை உரித்தார். மேஜையில் குவிந்த தோலையே வெறித்துப் பார்த்தார்.

"செவ்வாயில் கரி ஏது?" என்று மெதுவாக ஆரம்பித்தார். "ஆனால் மலை மலையாக ஒருவகைத் தோல் கிடக்கிறது."

"இன்னா தோலுங்க?" ஜன்னலிலிருந்து கேட்டாள் இருதயமேரி.

"கடலைத் தோல் மாதிரி என்று வைத்துக்கொள்ளேன்."

"அட, மல்லாட்டைத் தோலு!" அருள்நாதன் துள்ளி எழுந்தார். "ஜோரா எரியும் சார்! ஆனா ஜல்தியா பொசுங்கிடுமே. நடு ஆகாசத்துல தீந்துபோனா?"

"அதற்குத்தான் ஐயா, நூற்றெழுபது பிரயாணிகளும் வழிநெடுகக் கடலை தின்றுகொண்டே வருகிறார்கள்! தின்னத் தின்னத் தோல்! போடப் போட நீராவி!"

அதற்குமேல் அவரை நிறுத்த யாராலும் முடியவில்லை. நாற்காலிமேல் ஏறினார். அங்கவஸ்திரத்தைப் பச்சைக் கொடியாக வீசினார். "கூ...!" என்று தானே ஊதினார். நாற்பத்தொரு பேரும் 'குப் குப்' என்று கூடவே போனார்கள். மாரியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எந்த பிளாட்பாரத்துலங்க வந்து நிக்குது?" மறுபடியும் இருதயமேரி.

"உனக்கு எதுக்கும்மா அதெல்லாம்? போய் யாவாரத்தைப் பாரு!" என்றார் மாரியப்பன்.

"கேட்கட்டும் ஐயா, கேட்கட்டும்." கோதண்டபாணி நாற்காலி உயரத்திலிருந்து அருள்பாலித்தார். "மூன்றாவது பிளாட்பாரம்! கடலை விற்பவளும் மூலத்தின் மகிமையைத் தெரிந்துகொள்ளட்டும். இப்படி ஒரு முடிவு அந்தக் கிரகமணிக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது!"

இருதயமேரி ஜன்னல் வழியாகக் கையை விட்டு, காலியான பொட்டலத் தாளை எடுத்தாள். கசங்கலை நீவி, காதில் செருகியிருந்த துண்டுப் பென்சிலால் பின்பக்கத்தில் 'மூணாவது பிளாட்பாரம்' என்று குறித்துக்கொண்டாள்.

"நெசந்தாங்க ஐயா, நாலு மாசமா எழுதி எழுதி அடிச்சிக்கினு இருக்கேன், எனக்கு வரலியே!"