மாதம் ஒரு பஞ்சர்

“என்ன டிரைவர் சார், இன்னிக்கும் பஞ்சரா?”

அறிவியல் டீச்சர் பள்ளி வாசலிலேயே மறித்துக்கொண்டாள். பத்து மணிக்கு வரவேண்டிய ஆய்வக வண்டி, பதினொன்றரைக்கு ஆடி அசைந்து வந்து நிற்கிறது.

“ஆமாங்க டீச்சர். பின் டயர்.”

“போன மாசம் முன் டயர். அதுக்கு முந்தின மாசமும் ஏதோ ஒரு டயர். உங்களுக்குன்னே ரோட்டுல ஆணி முளைக்குதா?”

டிரைவர் தலையைச் சொறிந்துகொண்டே போய் வண்டியின் பின்கதவைத் திறந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது. திட்டு வாங்கிப் பழகிய முகம்.

வண்டியைக் குறை சொல்ல முடியாது. நுண்ணோக்கி, காந்தம், கண்ணாடிக் குடுவை என்று உள்ளே ஒரு ஆய்வகமே இருந்தது. செய்முறை சொல்லிக்கொடுக்க ஒரு இளம்பெண்ணும் கூடவே வருவாள். ஆய்வகம் இல்லாத பள்ளிகளுக்கு மாதம் ஒரு நாள் என்று அரசு அனுப்பியது. பக்கவாட்டில் கொட்டை எழுத்தில், ‘ஒவ்வொரு குழந்தைக்கும் அறிவியல். இது அரசின் உறுதிமொழி’ என்று எழுதியிருந்தது.

எழுத்து பெரிசுதான். பன்னிரண்டரைக்கு வண்டி அடுத்த பள்ளிக்குக் கிளம்பிவிடுமே! நாற்பத்திரண்டு பிள்ளைகள், ஒரே நுண்ணோக்கி, ஒரு மணி நேரம். என்னத்தைப் பார்ப்பது?

அன்றைக்கும் வரிசை பாதியில் கலைந்தது. வகுப்பிலேயே உயரமான ரெட்டைச் சடைக்காரி எப்போதும் வரிசையின் கடைசி. மூன்றாவது மாதமாகப் பார்க்காமலே திரும்பினாள்.

“வெங்காயத் தோலுக்குள்ள குட்டி குட்டியா ரூம் இருக்குமாமே டீச்சர்? பார்த்தவங்க சொன்னாங்க.”

டீச்சர் நேரே டிரைவரிடம் போனாள்.

“எங்க பிள்ளைங்க நேரத்தைத் திருடறீங்க, தெரியுதா உங்களுக்கு?”

“உங்க பிள்ளைங்களுக்கு அடுத்த மாசமும் வண்டி வரும் டீச்சர்,” என்றார் அவர், மெதுவாக.

வாயைப் பாரேன்! அன்று மத்தியானமே உட்கார்ந்து புகார் எழுதினாள். ‘அரசு உறுதிமொழி கொடுக்கிறது. வழியில் டீ குடித்துக்கொண்டு நிற்கும் ஒரு டிரைவர் அதைக் காற்றில் பறக்கவிடுகிறார்’ என்று ஒரு வரி. அந்த வரி அவளுக்கே ரொம்பப் பிடித்துப்போயிற்று. இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு அனுப்பினாள்.

அடுத்த மாதம், மணி பத்தாக ஐந்து நிமிடம் இருக்கும்போதே வண்டி வந்துவிட்டது. புது டிரைவர்.

“ஒரே ஒரு கடுதாசி! பார்த்தீங்கல்ல?” என்று ஆசிரியர் அறையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் இறங்கி வந்தாள்.

நாற்பத்திரண்டு பேரும் பார்த்தார்கள். ரெட்டைச் சடைக்காரி மூன்று தடவை பார்த்தாள்.

“ஐயோ டீச்சர், செங்கல் அடுக்கின மாதிரியே இருக்கு!”

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தச் சந்தோஷத்துக்கு எத்தனை கடுதாசி வேண்டுமானாலும் எழுதலாம்.

செய்முறைப் பெண் மட்டும் தலை நிமிராமல் கண்ணாடித் தகடுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா உம்முன்னு இருக்கே? நேரத்துக்கு வந்தது பிடிக்கலையா?”

“பழைய டிரைவர் அண்ணனைக் கிடங்கு லாரிக்கு மாத்திட்டாங்க டீச்சர்.”

“மாத்தட்டும். மாசாமாசம் பஞ்சர்னு கதை விட்டார்ல?”

“முதல் தடவை நிஜமாவே பஞ்சர்தான்.” அந்தப் பெண் தகட்டைக் கீழே வைத்தாள். “வர்ற வழியில ஒரு சின்னப் பள்ளிக்கூடம். அதுக்கு நேர் எதிர்ல. மொத்தமே பதினேழு பிள்ளைங்க. முப்பது பேருக்குக் குறைஞ்சா பட்டியல்ல கிடையாது, வண்டி போகாது. பிள்ளைங்களுக்கு அது தெரியுமா? வண்டியில எழுதியிருக்கிறதை எழுத்துக்கூட்டிப் படிச்சிட்டு ஓடி வந்து, ‘எங்களுக்கும்தானே மாமா?’ன்னு கேட்டாங்க. அண்ணனால இல்லைன்னு சொல்ல முடியலை. அதுலேருந்து மாசாமாசம் அதே இடத்துல பஞ்சர்.”

டீச்சர் வண்டிப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!”

“வெளியே தெரிஞ்சா அந்தப் பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கும் ஓலை வரும், வாயைத் திறக்காதேன்னுட்டார். ஆபீஸ்ல விளக்கம் கேட்டப்பவும், ‘டீ குடிக்க நின்னேன், தப்புதான்’னு எழுதிக் கொடுத்துட்டார்.”

டீ. அது அவள் எழுதிய வார்த்தை.

சொல்லியிருந்தால் மட்டும் நாம் விட்டுக்கொடுத்திருப்போமா என்று நினைத்துப் பார்த்தாள். ஆமாம் என்று மனசு சட்டென்று சொல்லவில்லை. அதுதான் இன்னும் சுட்டது.

“நான் மறுபடி எழுதறேன்மா. அந்தப் பள்ளிக்கூடத்தையும் பட்டியல்ல சேர்க்கச் சொல்றேன்.”

“எழுதுங்க டீச்சர். அந்த வாத்தியார் எழுதியே ரெண்டு வருஷமாச்சு.”

டீச்சர் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“இன்னிக்கு... அந்தப் பிள்ளைங்க?”

“பதினேழு பேரும் ரோட்டோரத்துல வந்து நின்னாங்க. வெங்காயம் கொண்டு வாங்கன்னு அண்ணன் போன மாசம் சொல்லியிருந்தார். ஆளுக்கொண்ணு கையில. உங்க புகாருக்கு அப்புறம், வழியில எங்கேயும் நிக்கக் கூடாதுன்னு எழுத்துல உத்தரவு. நிறுத்துங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரலை.”

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

“வண்டியைப் பார்த்ததும் எல்லாரும் கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டாங்க டீச்சர். புது டிரைவருக்கு என்ன தெரியும்? டாட்டா காட்டுறாங்கன்னு நினைச்சு, அவரும் சிரிச்சுக்கிட்டே கையை ஆட்டிட்டு வந்துட்டார்.”