இன்னும் ஆறு ஓட்டை

“இதைவிடப் பலசாலி என் கடையிலேயே இல்லம்மா. மலையையே துளைச்சிடும்,” என்று கனமான டிரில் ஒன்றை நீட்டுகிறார் கடைக்காரர். “துளைக்கிறது இருக்கட்டும் அண்ணே, நான் கயித்துல தொங்கிக்கிட்டே ஒத்தைக் கையால இதைத் தலைக்கு மேல பிடிக்கணுமே,” என்கிறாள் அக்கா. பாறை ஏறுகிறவர்கள் கொக்கி மாட்டுவதற்காகப் பாறையில் துளையிட்டு போல்ட் பதிப்பவள் அவள். கண்ணாடி வழியே சாய்ந்து விழும் காலை வெயிலில் இரும்புத்தூள் மினுங்குகிறது. அந்த டிரில்லை உயர்த்துகிறாள். அருகில் நிற்கும் தங்கை வாய்க்குள் எண்ணத் தொடங்குகிறாள். பத்து வருவதற்குள் முழங்கை நடுங்குகிறது. பாறையிலிருந்து விழுந்து தோளெலும்பு முறிந்து எட்டு மாதம்தான் ஆகிறது. டிரில்லை மெல்ல இறக்கி வைத்துவிட்டு, சின்ன பேட்டரி உள்ள, எடை குறைந்த இன்னொன்றை எடுக்கிறாள். “அது பொம்மைம்மா, பத்து ஓட்டைக்கு மேல தாங்காது,” என்று சிரிக்கிறார் கடைக்காரர். “அந்தப் பாறையில எனக்கு இன்னும் ஆறுதான் பாக்கி.” கண்களை மூடிக்கொண்டு உயர்த்துகிறாள். இருபது, முப்பது, நாற்பது. கை அசையவில்லை. “விழுந்து எழுந்தும் உனக்குத் திமிர் அடங்கல பாருக்கா,” என்கிறாள் தங்கை. அக்கா விழுந்த அன்று கீழே நின்று கயிறு பிடித்தவள் அவள்தான். அதற்குப் பிறகு கயிற்றைத் தொடவே இல்லை. அக்கா விசையை அழுத்துகிறாள். டிரில் உறும, அலமாரியில் ஆணி டப்பாக்கள் கிணுகிணுக்கின்றன. விரலை எடுத்ததும் கடையே அமைதியாகிறது. உயர்த்திய கையை இறக்காமலே தங்கையின் பக்கம் திரும்புகிறாள். “ஞாயித்துக்கிழமை நீதான்டி எனக்குக் கயிறு பிடிக்கணும். வர்றியா?”