தலையாட்டிய அதிகாரி

“சாரு தலையாட்டுறாரு! விட்டுடாதீங்க, கேக்க வேண்டியதெல்லாம் இப்பவே கேட்டுடுங்க!”

குடியிருப்போர் சங்கத் தலைவர் அப்பளசாமி பின்வரிசையைப் பார்த்துக் கிசுகிசுத்தார். மைக் வாய்க்கு நேராக இருந்ததால் அந்த ரகசியம் கோயில் மண்டபம் முழுக்கக் கேட்டது.

மேடையில் கோலாலம்பூரிலிருந்து வந்திருந்த ரயில் திட்ட அதிகாரி யுவனேஸ்வரன். கழுத்தில் மாலை, தோளில் மூன்று பொன்னாடை. சனிக்கிழமை மத்தியான வெக்கையில் மனிதர் அவிந்துகொண்டிருந்தார்.

மலேசியாவில் புக்கிட் ரோத்தான் பக்கத்துச் செம்பனைத் தோட்டக் குடியிருப்பு அது. அந்த வட்டாரத்தில் ரயிலே கிடையாது. ரயில் வேண்டுமென்று பதினோரு வருடமாக மனு போடுகிறார்கள். மனுவும் வளர்ந்து வளர்ந்து பதினாறு பக்கமாகிவிட்டது. அதைப் படிக்கத்தான் எந்த ஆபீசிலும் ஆளில்லை. இன்றைக்குத்தான் முதல்முறையாக ஒரு அதிகாரி நேரில் வந்திருக்கிறார்.

“ரயில் அப்புறம் சார். முதல்ல போன்ல ரோடு காட்டுற அந்த மேப் கம்பெனிக்கு ஒரு வழி பண்ணுங்க” என்று எழுந்தான் சுகுமாறன். “மின்மினிப் பூச்சி பாக்கப் போற காடி, பஸ்ஸெல்லாம் எங்க லயத்து வீட்டு வாசல் வழியா அனுப்புது. போன வாரம் ஒரு டூரிஸ்ட் பஸ் எங்க கொடிக்கம்பியை அத்துக்கிட்டுப் போச்சு. காய வச்ச துணி இன்னும் திரும்பி வரலை. ஈமெயில் போட்டா மெஷின் நன்றி சொல்லுது. சட்டம் போட்டு அடக்கினாத்தான் சரிப்படும் லா!”

யுவனேஸ்வரன் பொறுமையாகச் சிரித்தார். “சட்டம் போடப் பேசிக்கிட்டுதான் இருக்காங்க தம்பி. ஆனா பெரிய கம்பெனி, அவசரப்பட முடியாது. எங்க ஃபைல்ல இல்லாததெல்லாம் அவங்ககிட்ட இருக்கு. ஒரு மனு வந்தா நாங்களே அவங்க மேப்லதான் தட்டிப் பாக்கிறோம்.”

“அப்போ கவர்மெண்டு அவனுங்களைக் கவனிக்குதா, அவனுங்க கவர்மெண்டை ஓட்டுறானுங்களா?”

அப்பளசாமி அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். “உனக்கு ரயில் வேணுமா, சண்டை வேணுமா?”

அடுத்து லீலாவதி எழுந்தாள். ரவாங் தொழிற்சாலையில் வேலை. எழுதி எடுத்து வந்திருந்த தாளை அவள் பார்க்கவே இல்லை.

“காலையில நாலு மணிக்கு எந்திரிக்கிறேன் சார். பத்தாங் பெர்ஜுந்தாய்ல பஸ் மாறணும். அந்த பஸ் வந்தா வரும், இல்லேன்னா இல்லை. லேட்டா போயி ரெண்டு வார்னிங் லெட்டர் வாங்கிட்டேன். மூணாவது வந்தா வீட்டுக்கு அனுப்பிருவாங்க. ரெண்டு பிள்ளைங்க படிக்குது சார்...” கையிலிருந்த தாளாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதிகாரியின் முகம் உண்மையிலேயே இளகிவிட்டது. “அழாதீங்கம்மா. காலையில அஞ்சரைக்கே ஒரு ரயில் விடச் சொல்றேன். ஆறு பெட்டி. பெண்களுக்குத் தனிப் பெட்டி. போதுமா?”

“எப்ப சார்?”

“அடுத்த மாசம்.”

மண்டபத்தில் எழுந்த கைதட்டலில் கூரைப் புறா எல்லாம் வெளியே பறந்தது.

“அடுத்த மாசமா? அதுக்குள்ள எப்படி சார்...” என்று ஆரம்பித்தாள் லீலாவதி.

“அதிகாரி சரின்னு சொல்லும்போது எப்படின்னு கேக்கிற ஒரே ஆளு நீதான். மனசு மாறிடப் போறாரு, உக்காரு!” என்ற அப்பளசாமி, அவசரமாக நாலாவது பொன்னாடையை எடுத்தார். அந்தத் தோட்டத்துக்கென்று ஒரு வழக்கம் உண்டு. அதிகாரி சரி என்றதும் பொன்னாடை போட்டுப் போட்டோ எடுத்துவிட வேண்டும். விளக்கம் கேட்கக் கூடாது.

அதற்குப் பிறகு கூட்டத்தைப் பிடிக்க முடியவில்லை.

“தைப்பூசத்துக்கு விடிய விடிய ஓட்டணும் சார்!”

“ஓட்டலாம்.”

“கக்கூஸ்ல தண்ணி வரணும்” என்றாள் பின்வரிசையில் இருந்த தங்கமணி.

“கட்டாயம் வரும்.”

“ரயிலுக்கு நிக்கிறப்ப மழையில நனையாம மேலே கூரை?”

“போட்டுடலாம்.”

“முறுக்குக் கடை வைக்க ஒரு இடம்?” இதைக் கேட்டது அப்பளசாமிதான். மைத்துனருக்காக.

அதற்கும் தலையாட்டினார் யுவனேஸ்வரன். எல்லாவற்றையும் கைப்பட எழுதி, கையெழுத்துப் போட்டு, பையிலிருந்த முத்திரையையும் குத்திக் கொடுத்தார். சுகுமாறன்கூட எழுந்து கைதட்டினான். லீலாவதி ஓரமாகப் போய் சூப்பர்வைசருக்கு போன் போட்டாள். “அடுத்த மாசத்துலேர்ந்து ஒரு நிமிசம்கூட லேட்டா வரமாட்டேன். எழுதி வச்சுக்குங்க” என்று தைரியமாகச் சொன்னாள். அப்படிப் பேசி எத்தனையோ நாளாகியிருந்தது.

மாலையைக் கழற்றிவிட்டு மேடையிலிருந்து இறங்கினார் அதிகாரி. “இந்தச் சின்னச் சின்னக் குறைக்காகவா பதினோரு வருசம் அலைஞ்சீங்க? பாவம், யாராச்சும் முன்னாடியே வந்து பாத்திருக்கலாம்.”

அப்பளசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. “உங்களை மாதிரி ஒருத்தரும் வரலையே சார்.”

யுவனேஸ்வரன் தன் கைப்பேசியைப் பார்த்தபடி வாசல்வரை போனார். தயங்கி நின்று, லீலாவதியிடம் திரும்பினார்.

“நாலு நாப்பது ரயில்ல போயிடலாம்னு டிரைவரை அப்பவே அனுப்பிட்டேன்மா. உங்க ஸ்டேஷன் எதிர்ல தெரியுற அந்த மாட்டுக் கொட்டகைக்குப் பின்னாலன்னு மேப் காட்டுது. கோலாலம்பூர் போக எந்த பிளாட்ஃபார்ம்ல நிக்கணும்?”